நன்னடத்தைச் சான்றிதழ்

நாற்பத்து நாலு வயதில் நான் யோக்கியமானவள்தானா என்பதை, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் என்னைக் கடைசியாகப் பார்த்த கல்லூரி சொல்ல வேண்டுமாம்.

பி.காம். முடித்து, தி.நகர் புடவைக் கடைகளுக்குக் கணக்கு எழுதியே கண் பூத்துப்போனவள் நான். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. தமிழ் சேரலாம் என்று போனேன். "டி.சி. எங்க மேடம்? கான்டக்ட் சர்டிபிகேட்?" என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் வீட்டில் கூழாகிவிட்டது என்றேன். "அப்ப போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுங்க." யார் மேல்? செம்பரம்பாக்கம் ஏரி மேலா?

அடுத்தது 'கேப் அஃபிடவிட்'. இடைப்பட்ட வருஷங்களில் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி. இரண்டு பிரசவம், பணமதிப்பிழப்பு, ஜி.எஸ்.டி., கொரோனா என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதிக் கழித்த காலத்துக்கு லஸ் ஜெராக்ஸ் கடைக்காரர் நாலே வரி டைப் அடித்தார். அதற்குப் பெயர் இடைவெளி.

இது ஒரு கவுன்ட்டரின் கோளாறு என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். வயது வந்தவர்கள் படிக்க வந்தால் காசை வாங்கிக்கொண்டு கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது நம் அரசாங்கத்துக்குப் பழகிய வித்தை. பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கென்று திறந்தநிலைக் கதவைத் திறந்தார்கள். 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று சட்டம் போட்டே ஒன்றைத் தொடங்கி, சைதாப்பேட்டையில் கட்டடமும் தந்தார்கள். 2009-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த சில மாதங்களில் அதே அரசு ஓர் ஆணை போட்டது: பத்தாவதும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது. கடையைத் திறந்தவனே வாசலில் நின்று, இங்கே விற்றது செல்லாத சரக்கு என்று கூவினான். சரக்குதான் செல்லாது, வசூலித்த கட்டணம் செல்லும்.

பார் கவுன்சிலுக்கு இன்னும் கெட்டிக்காரத்தனம். 2008 விதிகளில் மூன்றாண்டு சட்டப் படிப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 30 வயது வரம்பு. பிறகு வேண்டாம் என்றார்கள். 2016-இல் மறுபடி வேண்டும் என்றார்கள். 2017-இல் அந்த வரம்புக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த நீதிமன்றத்தில் நீதிபதி 65 வயது வரை தீர்ப்பு எழுதலாம். முப்பத்தோரு வயசுக்காரன் சட்டத்தின் முதல் பாடத்தைத் தொட்டால் மட்டும் கவுன்சிலுக்குத் தீட்டாக இருந்தது!

முடியாது என்பதில்லை. இங்கே அடையாறில், ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த டேட்டா சயின்ஸ் படிப்புக்கு வயது வரம்பே கிடையாது. நாலு வாரம் பாடம் நடத்தி, பரீட்சை வைத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆக, கம்ப்யூட்டர் படிக்க வருகிறவனுக்கு வயசில்லை. தமிழ் படிக்க வருகிறவள்தான் தலைமறைவுக் குற்றவாளி.

இத்தனைக்கும் படிப்புக்கு வயதேது என்று மேடைக்கு மேடை ஔவையாரை இழுப்பவர்கள் இவர்கள். 1968 மாநாட்டுக்காக மெரினாவில் சிலையும் வைத்தாயிற்று. அந்தக் கிழவியே கோலூன்றி கவுன்ட்டருக்கு வந்தாலும், "பாட்டி, கேப் எத்தனை வருஷம்?" என்றுதான் கேட்பார்கள்.

எல்லாம் சேர்த்து மறுபடி போனேன். தம்பி கடைசிப் பக்கத்தைத் தட்டினார். 'பெற்றோர் கையொப்பம்' காலியாக இருந்ததாம். அப்பா போய் ஒன்பது வருஷம் என்றேன். "அப்ப அம்மாவைக் கூட்டிட்டு வாங்க."

அம்மாவுக்கு எழுபத்து மூன்று, முழங்கால் வலி. மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் ஏற்றினேன். கல்லூரிப் படியில் ஒரு கையால் கைப்பிடிச் சுவரையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவள், மெதுவாகக் கேட்டாள்: "அப்படி என்னடி தப்பு பண்ணித் தொலைச்சே?"