வர்ணனையைத் தாண்டிப் போனோர்: வடலூர் வட்டாரச் சாண்டில்யன் வாசகர் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

சாண்டில்யனின் சரித்திர நாவல்களில் வரும் சிருங்கார வர்ணனைகளைப் பற்றி வாசகர் கொண்டிருக்கும் கருத்து யாது என்பதே இவ்வாய்வின் பொருள். சாண்டில்யனை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவரைப் படித்துவிட்டு 'அந்தப் பக்கத்தை மட்டும் படிக்கவில்லை' என்று சாதிப்பவர்களை ஆராயத்தான் ஆளில்லை. அக்குறை தீர்க்க இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வின் எல்லை வருமாறு: வடக்கே பண்ருட்டி, தெற்கே சேத்தியாத்தோப்பு, கிழக்கே குறிஞ்சிப்பாடி, மேற்கே நெய்வேலி. நடுவே வடலூர் நான்குமுனைச் சந்திப்பு. கடலூர்–விருத்தாசலம் சாலையும் பண்ருட்டி–கும்பகோணம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம் அது. பேருந்துக்கு நிற்பவர் பலர். நிற்பவர் கையில் ஒரு காலத்தில் புத்தகம் இருந்தது.

வேறு ஊர் கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். வடலூர், வள்ளலார் 1867இல் தருமச்சாலையும் 1872இல் சத்திய ஞான சபையும் நிறுவிய ஊர். புலனடக்கம் போதிக்கப்பட்ட மண்ணில் சாண்டில்யனின் 'யவன ராணி'யின் இரவல் தாளில் தேதி முத்திரை குத்த இடமில்லாமல் போனது எப்படி என்பது சிந்தித்தற்குரியது. மேலும் ஆசிரியர் நமக்கு அந்நியர் அல்லர். பாஷ்யம் என்ற இயற்பெயர் கொண்ட சாண்டில்யன் 1910இல் பிறந்தது அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூரில். பூர்வீகம் மாயவரத்தை அடுத்த திருஇந்தளூர். ஆகவே இது ஒருவகையில் உள்ளூர் விவகாரம்.

2. முன்னோர் நெறி

நூலைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் கடலூர் மாவட்டத்தாருக்கு நீண்ட மரபு உண்டு. 1867இல் வள்ளலாரின் திருவருட்பா அச்சேறியது. அது அருட்பா அன்று, மருட்பா என்று ஒரு கட்சி எழுந்தது. ஆறுமுக நாவலர் தரப்பும் வள்ளலார் தரப்பும் மறுப்பும் மறுப்புக்கு மறுப்புமாக மோதிக்கொண்டதில், 1869இல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றப் படியேறியது. வாசகர் கருத்து இங்கே திண்ணையோடு நின்றதில்லை என்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாம் சான்று அதே மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தபோது, கெட்டுப்போன மகளைத் தாய் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொண்டது வாசகர் பலருக்குப் பொறுக்கவில்லை. கதை முடிவையே மாற்றிச் சொன்னார்கள். ஜெயகாந்தன், 'சரி, உங்கள் முடிவுப்படியே நடந்திருந்தால் என்ன ஆகும் பாருங்கள்' என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். 1972க்கான சாகித்திய அகாதெமி பரிசு அதற்குக் கிடைத்தது. வாசகர் கோபத்துக்குப் பரிசு கிடைத்த வரலாறு உலகில் குறைவு.

இவ்விரண்டும் உரக்கச் சொல்லப்பட்ட கருத்துகள். நாம் எடுத்துக்கொண்டதோ வாய்க்குள் முணுமுணுக்கப்பட்ட கருத்து. ஆதலின் முறை வேறாக வேண்டியதாயிற்று.

3. ஆய்வு முறை

சான்றுகள் மூவகை. வாசகர் வாயால் சொன்னது. பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதியது. தம்மை அறியாமல் விரலால் விட்டுச் சென்றது. முதலாவதைவிட இரண்டாவதும், இரண்டாவதைவிட மூன்றாவதும் வலிமையுடையன என்க.

களம், நூலகங்களில் நைந்து கிடக்கும் 'கடல் புறா', 'யவன ராணி', 'ஜல தீபம்', 'மன்னன் மகள்', 'கன்னி மாடம்' ஆகியவற்றின் படிகள். இவற்றோடு வீட்டுப் பரணில் உள்ள பைண்டிங் தொகுதிகளும் சேர்க்கப்பட்டன. வாரந்தோறும் குமுதத்திலிருந்து தொடர்கதைத் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காக்கித்தாள் அட்டை போட்டு, மேலே சாமி படம் ஒட்டி வைத்தவை இவை. உள்ளே ஓவியர் லதா வரைந்த நாயகி இருப்பாள். வெளியே முருகன் இருப்பார். அட்டையைக் கொண்டு நூலை அளக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

4. எழுவகை மதம்

ஒரு நூலைப் பற்றி எத்தனை வகையில் கருத்துக் கொள்ளலாம் என்று பவணந்தி முனிவர் நன்னூலிலேயே ஏழாக வகுத்துவிட்டார். வடலூர் வட்டாரம் அவ்வேழையும் தாண்டவில்லை.

உடன்படல். இவர்கள் மிகச் சிலர். பெரும்பாலும் கல்லூரி மாணவர். பக்க ஓரத்தில் 'சூப்பர்' என்று எழுதிவிட்டு, கையெழுத்து தெரிந்துவிடுமே என்று அதையே அடித்தும் வைப்பார்கள்.

மறுத்தல். 'இது தேவையா?' என்று கேள்விக்குறியோடு எழுதுவோர். இக்கேள்வி ஒரு தொகுதியில் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறையும் சரியான இடத்திலேயே வருகிறது. ஓரிடத்தையும் அவர் தவறவிடவில்லை.

பிறர் மதம் ஏற்று, பின் களைதல். 'சங்க இலக்கியத்தில் இல்லாததா, கம்பனில் இல்லாததா' என்று தொடங்கி, 'இருந்தாலும் ஒரு அளவு வேண்டாமா' என்று முடிப்போர். தமிழாசிரியர்கள் இவ்வகையினர்.

தானே ஒன்றை நாட்டி அதையே நிலைநிறுத்தல். நெய்வேலிப் பொறியாளர்களுக்குரியது. 'கடல் புறா'வில் வருவதுபோல் புறா வடிவில் கப்பல் கட்டினால் மூக்கின் எடைக்குக் கப்பல் முன்புறம் கவிழாதா என்று கணக்குப் போடுவார்கள். கதாநாயகி மேல்தளத்தில் நிற்கும் பக்கத்திலும் கப்பலையே பார்த்த ஒரே இனம் தாங்கள்தான் என்பது அவர்கள் கூற்று.

இருவர் மாறுகோளில் ஒரு பக்கம் துணிதல். 'கடல் புறா'வின் நாயகியரில் காஞ்சனா தேவியா, மஞ்சளழகியா? இந்த ஒரு வினாவால் டீக்கடைகளில் நட்பு முறிந்திருக்கிறது. கடாரத்து இளவரசி பக்கம் நிற்போர் குலப்பெருமை பேசுவர். மஞ்சளழகி பக்கம் நிற்போர் காரணமே சொல்வதில்லை. கட்சியும் மாறுவதில்லை.

பிறர் நூல் குற்றம் காட்டல். எல்லைக்குச் சற்று வெளியே உள்ள சிதம்பரத்தார் இதில் வல்லவர். 'கடல் புறா' முதலாம் குலோத்துங்கனை அநபாயன் என்கிறது. அநபாயன் என்பது சேக்கிழாரை ஆதரித்த இரண்டாம் குலோத்துங்கனின் பெயர். பெரிய புராணம் அரங்கேறிய ஊர்க்காரரிடம் இந்தப் பாச்சா பலிக்குமா? முதலாமவனைக் கலிங்கத்துப்பரணி அபயன் என்றல்லவா சொல்கிறது என்று ஓரத்தில் நுணுக்கி எழுதியிருப்பார்கள். அக்குறிப்பு எழுதப்பட்ட பக்கத்தில் அரசியல் எதுவும் நடக்கவில்லை, நிலவொளி மட்டுமே இருக்கிறது என்பதை ஆய்வாளர் கடமை கருதிப் பதிவு செய்கிறார்.

எவரோடும் ஒட்டாத தன் மதம். 'நான் வர்ணனை வந்தா தள்ளிட்டுப் போயிடுவேன்.' ஆண், பெண், சாதி, மதம், வயது வேறுபாடின்றி வட்டாரம் முழுவதும் பரவியுள்ள மதம் இது. ஒவ்வொருவரும் தமக்கு மட்டுமே உரியது என்று நம்புவதால் ஏழாம் வகையில் வைக்கப்பட்டது.

இதற்கு உதாரணமாக ஒரு நூலகத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்த உரையாடல்:

"எப்படி சார் இருந்தது?"

"சோழர் கடற்படையைப் பத்தி அருமையா எழுதியிருக்கார் தம்பி."

"வர்ணனை கொஞ்சம் அதிகம்னு சொல்றாங்களே?"

"அதெல்லாம் நான் தள்ளிட்டுப் போயிடுவேன்."

"நடுவுல ஒரு தாள் காணோமே சார்?"

"அந்த நந்தவனத்துக் கட்டம்தானே? நான் எடுக்கும்போதே இல்ல தம்பி."

இல்லாத தாளில் இருந்தது நந்தவனம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பலாச்சுளையைத் தொடவே இல்லை என்பவர் விரலில் பிசுக்கு ஏன் என்று பண்ருட்டிச் சிறுவன்கூடக் கேட்பான்.

5. அழுக்குச் சான்று

இனி மூன்றாம் சான்று. மூடிய புத்தகத்தை எடுத்து, தைத்த பக்கம் உள்ளங்கையில் படும்படி பிடித்து, திறக்கும் பக்கத்து விளிம்பை வெயிலில் காட்டுக. தாள் விளிம்பு முழுதும் பழுப்பேறியிருக்கும். அந்தப் பழுப்பினூடே மெல்லிய கறுப்புப் பட்டைகள் தெரியும். பலர் விரல் பலமுறை பட்ட இடங்கள் அவை. நகத்தால் அப்பட்டையைப் பிரித்தால் எந்தப் பக்கம் திறக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நாயகி சாளரத்தருகே வருவாள், காற்று வீசும், வாக்கியம் முற்றுப்புள்ளியை மறந்து அரைப்பக்கம் ஓடும், கடைசி வரியில் வெளியே காலடி ஓசை கேட்கும், அத்தியாயம் முடிந்துவிடும். வாராவாரம் வாசகரை மறு வாரத்துக்கு இழுத்துச் செல்ல வேண்டிய தொடர்கதையின் இயந்திரம் அது. கடற்போர் நடக்கும் பக்கங்களின் விளிம்பிலோ காலத்தின் பழுப்பைத் தவிர விரல் தடமே இல்லை. வர்ணனையைத் தாண்டிப் போனதாகச் சொல்லும் வாசகர், உண்மையில் தாண்டியது போர்க்களத்தை எனத் துணியலாம்.

அழுக்கின் தன்மையும் ஆராயப்பட்டது. கிரீஸ் தடம் நெய்வேலிச் சுரங்கத்து இரவு ஷிப்டைக் காட்டும். சுண்ணாம்புத் தடம் வெற்றிலை போடும் பெரியவரைக் காட்டும். எளிதில் போகாத கருங்கறை ஒன்று உண்டு. முந்திரிக்கொட்டை உடைப்பவர் விரலில் ஏறும் எண்ணெய்க் கறை. இவ்வட்டாரத்தில் கொட்டை உடைப்போர் பெரும்பாலும் பெண்கள். 'வீட்டுப் பொம்பளைங்க படிக்கிற புத்தகமா இது' என்று கேட்ட வீடுகளில் அவர்கள் எப்போதோ படித்து முடித்துவிட்டார்கள் என்பதை அந்தக் கறை மெய்ப்பிக்கிறது. 1960இல் லண்டனில் லாரன்ஸின் 'லேடி சாட்டர்லியின் காதலன்' மீதான வழக்கில், உங்கள் மனைவியோ வேலையாளோ படிக்க விரும்பும் நூலா இது என்று அரசு வழக்கறிஞர் ஜூரிகளைக் கேட்டார். ஜூரிகள் நூலை விடுவித்தார்கள். அவர்கள் கண்ட முடிவைப் பண்ருட்டி முந்திரிக் கொட்டகைகள் விசாரணை இன்றியே கண்டன.

6. தடையும் விடையும்

'சரித்திரத்தில் சிருங்காரம் கலப்பது முறையோ?' எனின், கூறுதும். கடல் புறாவின் நாயகன் கருணாகரத் தொண்டைமான், கலிங்கத்துப்பரணியின் பாட்டுடைத் தலைவனாகிய குலோத்துங்கனின் படைத்தலைவன். அப்பரணி எப்படித் தொடங்குகிறது? கடவுள் வாழ்த்து முடிந்ததும் கடைதிறப்பு. பெண்களைக் கதவு திறக்கச் சொல்லி அழைக்கும், சிருங்காரம் சொட்டும் பகுதி. அதைத் தாண்டினால் பாலைக்காடு, காளி கோயில், பேய்கள், முடிவில் போர்க்களத்தில் பிணக்கூழ். இருளும் காமமும் சரித்திரமும் கலந்த நூல் 12ஆம் நூற்றாண்டிலேயே நம்மிடம் இருந்தது. செயங்கொண்டார் எழுதினால் சிற்றிலக்கியம், சாண்டில்யன் எழுதினால் சிற்றின்பம் என்பது பொருந்தாது.

'அப்பக்கங்களை நீக்கிப் பதிப்பித்தால் என்ன?' எனின், அதற்கும் முன்னுதாரணம் தஞ்சையில் உண்டு. மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த முத்துப்பழனி தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' பாடினார். 19ஆம் நூற்றாண்டில் அதை அச்சிட்டவர்கள் சில பாடல்களையும் ஆசிரியரின் வரலாற்றையும் சேர்த்தே நீக்கினார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் ஏட்டுச் சுவடி தேடி 1910இல் முழு நூலைப் பதிப்பித்தார். ஆங்கிலேய அரசு ஆபாசம் என்று பறிமுதல் செய்தது. சுதந்திரம் வரும் வேளையில்தான் தடை நீங்கியது. நீக்கியவர் பெயர்களை இன்று தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. முத்துப்பழனியை உலகம் அறியும்.

'வர்ணனைக்காகப் படித்தவர் சரித்திரம் அறிவரோ?' எனின், அறிவர். குலோத்துங்கனுக்குக் கம்போச மன்னன் காணிக்கையாகக் காட்டிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதாக 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. கடல் கடந்த அந்த உறவைப் பற்றி இவ்வட்டாரச் சாமானியர் ஒருவர் விசாரிக்கிறார் என்றால், அவருக்குக் கடாரம் முதலிய கடல் கடந்த நாடுகளை முதலில் அறிமுகம் செய்தது பாடப்புத்தகம் அன்று, காஞ்சனா தேவி. வந்தது சாளரத்துக்காக, தங்கியது சாம்ராஜ்யத்துக்காக. கப்பல் ஏறியவரை என்ன காரணத்துக்காக ஏறினாய் என்று கேட்பது முறையன்று.

7. முடிவும் வேண்டுகோளும்

வாயால் சொல்லும் கருத்து அக்கம்பக்கத்தாருக்கு. பென்சில் கருத்து அடுத்து எடுப்பவருக்கு. விரல் கருத்து ஒன்றே தனக்கு. மூன்றும் முரண்பட்டால் மூன்றாவதையே கொள்க. அதன்படி சாண்டில்யனின் வர்ணனைகள் இவ்வட்டாரத்தில் ஒருமனதாக ஏற்கப்பட்டுள்ளன. எதிர்த்து வாக்களித்தவரும் ஏற்றே வாக்களித்துள்ளனர்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். ஓரத்தில் எழுதுங்கள், ஆய்வுக்கு உதவும். தாளைக் கிழிக்காதீர்கள், உங்களுக்குப் பிறகு 'தாண்டிப் போக' விரும்புவோருக்கும் தாண்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். 'கடல் புறா' மூன்றாம் பாகத்தை எடுத்துச் சென்றவர் யாராயினும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடவும். இரண்டு பாகம் முடித்தவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சோழர் கடற்படையின் முடிவு மட்டுமே.