கடல் நடுவே ஒரு குளம்

கேள்வி: மாலத்தீவு சொகுசு வில்லாக்களில் சுற்றிலும் கடல் இருக்க, தனியாக நீச்சல் குளம் எதற்கு?

பதில்: கடலுக்குக் கதவு போட முடியாது, குளத்துக்குப் போடலாம். வாடகை அந்தத் தனிமைக்கும் சேர்த்துத்தான். குளத்தின் கடல் பக்கச் சுவர் நீர்மட்டத்தைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும். வழியும் நீர் மறைவான தொட்டியில் விழுந்து, பம்பு வழியாகத் திரும்பிவரும். பார்ப்பவருக்குக் குளமும் கடலும் ஒன்றாகத் தெரியும். வேடிக்கை தண்ணீரில்தான். ஆறே இல்லாத அத்தீவுகளில் விடுதிகள் பெரும்பாலும் டீசல் எரித்த மின்சாரத்தில் கடல்நீரின் உப்பை நீக்குகின்றன. ஆக, பல குளங்களில் கிடப்பது காசு கொடுத்துக் கழுவிய அதே கடல்! இந்த வில்லாக்களைப் போல நீர்மேல் விடுதி அறை கட்டும் மோகம் 1967இல் பிரெஞ்சு பொலினீசியாவின் ராயாத்தேயா தீவில் பிறந்தது. அங்கே நல்ல மணற்கரை இல்லை. விடுதி நடத்திய மூன்று அமெரிக்கர்கள் அறைகளையே கடலுக்குள் இறக்கிவிட்டார்கள்.