கழுத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் பாங்காக் போகிறேன். தாய் மசாஜ் செய்துகொள்ள ஆசை, பயமாகவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பயம் கழுத்தைப் பற்றியா, பர்ஸைப் பற்றியா, வீட்டுக்காரம்மாவைப் பற்றியா? மூன்றாவது என்றால் வாட் போ கோயிலுக்குப் போங்கள். 1955 முதல் அங்கே மசாஜ் பள்ளியே நடக்கிறது. "கோயிலுக்குத்தான் போனேன்" என்று தைரியமாகச் சொல்லலாம். உடை களையும் சங்கடமும் இல்லை. தொளதொளவென்று ஒரு பைஜாமா தருவார்கள்.

கழுத்து விஷயம் வேடிக்கையில்லை. நம்மூர் சலூனில் டக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பார்களே, அதை எந்த நாட்டிலும் அனுமதிக்காதீர்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரைக் கேட்காமல் படுக்கவே கூடாது. விமானத்தில் வந்து இறங்கியதும் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் போகவேண்டிய இடம் ஆஸ்பத்திரி. உள்ளே ரத்தக்கட்டு இருந்தால் அமுக்குவது ஆபத்து.

பர்ஸுக்கு: கட்டணத்தை முன்பே பேசுங்கள், சுவரில் உரிமம் தொங்குகிறதா பாருங்கள். வலித்தால் வீரம் காட்டாமல் "ஜெப்" என்று கத்துங்கள், புரிந்துகொள்வார்கள். தகராறு வந்தால் சுற்றுலா போலீஸ் 1155. மங்கலான விளக்கில் 'ஸ்பெஷல்' என்று கண்ணடிக்கும் கடைக்குள் நுழைந்துவிட்டு, அடுத்த கேள்வியை எனக்கு அனுப்பாதீர்கள்.