போனைத் தொடாதே, போட்டோ அனுப்பு

தென்கரை, வடகரை என்று வராக நதி ஊரை இரண்டாகப் பிரித்தாலும், பெரியகுளத்தில் இரு கரைக்கும் பொதுவாக ஒரு ரக அம்மா உருவாகி வருகிறார். தேனியில் அரசாங்க உத்தியோகம். 2021 ஜூலையிலிருந்து தமிழக அரசு தரும் பன்னிரண்டு மாதப் பேறுகால விடுப்பைக் கடைசி நாள் வரை எடுத்து முடித்து, பிள்ளையை ஆயாம்மாவின் இடுப்பில் ஏற்றிவிட்டு பஸ் ஏறுபவர். இவருக்கு நோட்டீஸ் அம்மா என்று பெயர் வைப்போம்.

நோட்டீஸ், பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. வருஷக்கணக்கில் கோப்பு எழுதிய கை, வீட்டிலும் அப்படியே ஓடியிருக்கிறது. ‘பணி நேரத்தில் கைபேசி பயன்படுத்துவது முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டும். மேற்படி கைபேசிக்கு வரும் அழைப்பை மூன்றாவது மணிக்குள் எடுத்தல் வேண்டும். குழந்தையின் புகைப்படம் மணிக்கு ஒருமுறை வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட வேண்டும்.’

ஆயாம்மாவுக்கு ஊர் வடுகபட்டி. அங்கே பூண்டு தரம் பிரித்தவர்; பார்க்காமலே, விரல் பட்டதும் சொத்தையை ஒதுக்கிவிடுவார். நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் அதே விரல் இரண்டாவது வரியில் நின்றது.

“தொடவும் கூடாது, தொடாம இருக்கவும் கூடாதுங்கிற. அப்ப அந்தப் போன எங்கிட்டுத்தான் வைக்கிறதுத்தா? இடுப்புல உம்புள்ள இருக்கான்.”

“அலமாரில வைங்க ஆயாம்மா. அடிச்சா மட்டும் எடுங்க.”

அடித்துக்கொண்டேதான் இருக்கும். பஸ் கைலாசபட்டி தாண்டுவதற்குள் முதல் அழைப்பு: அழுகிறானா? லட்சுமிபுரத்தில் இரண்டாவது: ஏன் அழவில்லை? அன்னஞ்சி விலக்கில் வீடியோ கால். அதில் முதல் இரண்டு நிமிஷம் ஆயாம்மாவின் காது தெரியும், பிறகு கூரை மின்விசிறி தெரியும், தேனி வந்துவிடும்.

ஹாலில் மாமியார் உண்டு. முட்டுவலி, பிள்ளையைத் தூக்க முடியாது, ரிமோட்டைத் தூக்கலாம். மதியம் தொடங்கும் சீரியல் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். நோட்டீஸ் அவரைக் கட்டுப்படுத்தாது. துறைத் தலைவர்களை எந்தச் சுற்றறிக்கைதான் கட்டுப்படுத்தியிருக்கிறது?

திரை விஷயத்தில் நோட்டீஸ் அம்மா சொல்வது சரிதான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயது வரை கூடாது என்கிறது. எப்போதாவது உறவினர்களோடு வீடியோ காலில் பேசலாம் என்று ஒரே ஒரு விலக்கு கொடுத்திருக்கிறது. அந்த ‘எப்போதாவது’ என்ற சந்துக்குள்தான் இவர் தினமும் ஏழு முறை நுழைந்து வெளியே வருகிறார்.

பயத்தைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. யாரோ பிள்ளையை யாரோ அடிக்கிற வீடியோ ஒன்று மாதம் தவறாமல் எல்லார் போனிலும் சுற்றுகிறது. அதைப் பார்த்த தாய்க்கு அலுவலகத்தில் கை ஓடுமா? ஆனால் இந்த ஊரில் ஆள் விசாரணை வேறு மாதிரி நடக்கும். மூன்றாந்தல் பக்கம் பூ விற்கிற அக்காவிடம் விஷயம் போகும். எந்தத் தெரு, யார் மகள், எங்கே கட்டிக் கொடுத்தது, இதற்கு முன்னால் எந்த வீட்டில் நின்றாள், ஏன் நின்றாள்? ஒரு முழம் கட்டி முடிப்பதற்குள் ஏஜென்சி எதுவும் தர முடியாத அறிக்கை வந்துவிடும். நோட்டீஸ் அம்மாவும் அப்படித்தான் விசாரித்தார். அதே அக்காவிடம் ஆயாம்மாவும் விசாரித்திருந்தார் என்பது அவருக்குத் தெரியாது: சம்பளம் ஒண்ணாந்தேதி வருமா, பழைய குழம்பைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கணக்குச் சொல்வாளா?

வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் 2007-லிருந்து இருக்கிறது. ஆயாம்மாவை அதில் பதியவைப்பது பற்றி நோட்டீஸில் ஒரு வரி கூட இல்லை. இடம் போதவில்லை போலும்.

பூக்கார அக்காவின் அறிக்கையும் போதாமல், டிவிக்குப் பக்கத்தில் கேமரா வந்தது. பேசவும் செய்யும் கேமரா. “ஆயாம்மா, அவன் காலைப் பாருங்க” என்று அது திடீரென்று கூவியதில் முதல் நாள் மாமியார் சாமி என்று கும்பிட்டுவிட்டார். ஆயாம்மா இரண்டே நாளில் பழகிக்கொண்டார். போனைத் தேடும் வேலை மிச்சம், கேமரா முன்னால் போய் நின்று, “ஏத்தா, பால் தீந்துபோச்சு. வரும்போது வாங்கியா” என்பார். பையன்தான் பாவம். அம்மா அந்த உருண்டைக்குள்ளே குடியிருப்பதாக முடிவு செய்துவிட்டான்.

ஒருநாள் அம்மாவுக்கு இட்லி ஊட்டினான்.

தேனியில் ஆய்வுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மேஜைக்குக் கீழே போனைப் பார்த்தவருக்கு வீட்டையே காணோம். திரை முழுக்க வெள்ளை. ஆயாம்மாவுக்கு அடித்தார். நோட்டீஸை மதித்து போன் அலமாரியில் இருந்தது. ஆயாம்மா கொல்லையில் பையனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார். மாமியாருக்கு அடித்தார். சீரியலில் யாரோ யாரையோ அறைந்துகொண்டிருந்த முக்கியமான கட்டம். அப்புறம் பக்கத்து வீட்டுக்கு, ஆட்டோ அண்ணனுக்கு, பூக்கார அக்காவுக்கு. “செல்போனை உள்ள வைங்கம்மா” என்று அதிகாரி சொன்னபோது வாசலில் மூன்று பேரும் கூடிவிட்டார்கள். ஆட்டோ அண்ணன் கையில் எதற்கோ ஜாக்கி லிவர்.

கதவைத் திறந்த ஆயாம்மா கூட்டத்தைப் பார்த்தார், லிவரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதனிடமே பேசினார்.

“நாலாவதா ஒண்ணு எழுதுத்தா. ஆளு அனுப்புறதுக்கு முன்னால அரை மணி நேரம் பொறுக்கணும்.”

அன்று ராத்திரி எழுதினார். ‘நிர்வாகக் காரணங்களால் திருத்தத்திற்கு உட்பட்டது’ என்று அடியில் ஒரு வரியும் சேர்த்தார்.