உதிரிபாகமும் உறவுமுறையும்: லிங்கராஜபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்துக்கு உதிரிபாகம் கிடைப்பதும் கிடைக்காததும் சந்தை நிலவரத்தைப் பொறுத்தது என்றே அறிஞர் உலகம் நம்பி வந்துள்ளது. பெங்களூர் லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் இரு பக்கமும் அலைந்து செய்த களப்பணி இதை மறுக்கிறது. கடிகாரம் யாருடையது என்பதைப் பொறுத்தே பாகம் கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வரலாறு சுருக்கமாக: 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு எச்.எம்.டி. இதே பெங்களூரில், ஜாலஹள்ளியில், கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆக, பிறந்த ஊரிலேயே நாதியற்றுப் போன பொருள் இது.

எச்.எம்.டி. மாடல்களான ஜனதாவுக்கும் பைலட்டுக்கும் முகம்தான் வேறு. வயிற்றுக்குள் ஒரே 17 கல் இயந்திரம், சாவி கொடுத்தால் ஓடுவது. அதன் பேலன்ஸ் வீல் நொடிக்கு ஐந்து அடி, நாளுக்கு 4,32,000 அடி அடிக்கிறது. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் நுனி தலைமுடி தடிமன்தான் இருக்கும். கீழே விழுந்தால் முதலில் ஒடிவது அது. டயலில் பாராஷாக், அதாவது அதிர்ச்சி தாங்கும், என்று எழுதியிருப்பது மொசைக் தரைக்குத் தெரியாது.

புது அச்சு தேடி அவென்யூ ரோடு வரை போகலாம். போவது உடம்புக்கு நல்லது. உண்மையான கிடங்கு ரிப்பேர்காரரின் காலடியில் இருக்கும் பிஸ்கட் டின். அதற்குள் வார் இழந்த, முள் இழந்த, கண்ணாடி மஞ்சளித்த கடிகாரங்கள். கொடுத்தவர்கள் திரும்பி வராதவை. ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றுக்கு வைப்பதே சிகிச்சை. தானம் செய்தவரிடம் ஒப்புதல் கேட்கும் வழக்கம் இத்துறையில் இல்லை.

டின் எப்போது திறக்கும்? பெட்ரோலில் கழுவிய சக்கரங்களைத் தூசு படாமல் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடிவிட்டு, லென்ஸைக் கண்ணிலிருந்து கழற்றாமலே அவர் கேட்பார்:

“யாரோடது சார்?”

“ஆன்லைன்ல வாங்கினேன்.”

“பார்ட்ஸ் வர்றதில்ல சார். கம்பெனியே மூடிட்டான்.”

அதே கடை, அதே மாடல், அதே நோய். வந்தவர் மட்டும் வேறு:

“எங்கப்பாவுது. ஐடிஐ டெலிபோன் ஃபேக்டரியில வேலை செய்யும்போது கட்டினது.”

“வச்சிட்டுப் போங்க.”

தந்தை வழி, தாய் வழி வேறுபாடு குறித்துத் தரவுகள் போதவில்லை. மாமனார் கடிகாரத்துக்கு வேலை நடக்கிறது, ஆனால் மெதுவாக.

கருதுகோளைச் சோதிக்க, நண்பர் இணையத்தில் வாங்கிய ஜனதா ஒன்றை, “எங்க தாத்தாவோடது” என்ற பொய்யுடன் இவ்வாய்வாளர் சமர்ப்பித்தார். கத்தரிப்பூ நிற டயல், பளபளவென்று புது எழுத்து: பம்பாயில் டயலுக்கு மறுபூச்சு பூசி இணையத்தில் விற்கும் ரகம். ரிப்பேர்காரர் பின்மூடியைத் திறக்கவேயில்லை. வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார்.

“தாத்தாவுக்கு பம்பாய்ல சொந்தக்காரங்க இருந்தாங்களா சார்?”