நற்சூதர் ஊரில் கார்ப்பந்தய அட்டை

2022ஆம் ஆண்டில் ஃபார்முலா 1 ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனின் படம் அச்சிட்ட ஓர் அட்டை 9 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அன்றைய மதிப்பில் சுமார் 7 கோடி ரூபாய். அவர் ஓட்டிய காருக்கோ காரின் டயருக்கோ கொடுத்த விலை அல்ல இது, சட்டைப் பையில் அடங்குகிற ஓர் அட்டைக்குக் கொடுத்தது. அந்தப் பணத்துக்குத் திருவேற்காட்டில் கோலடிப் பக்கம் வரிசையாக வீடுகளே வாங்கலாம், அதுவும் ஏரிக்குள் வராத சர்வே எண்களாகப் பார்த்து. இதைக் கேட்கிறவர்கள் முதலில் சொல்வது ‘பைத்தியக்காரத்தனம்’ என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பைத்தியத்துக்கு இவ்வளவு கறாராகக் கணக்குப் போட வராது. இதற்குச் சரியான பெயர் சூது. சூது என்றவுடன் நான் முகம் சுளிப்பதாக யாரும் எண்ணவேண்டாம். சூதுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு, அதில் இந்த அட்டை வியாபாரம் தேறவில்லை என்பதுதான் என் குறை. இப்படித் தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை தமிழ்நாட்டில் ஓர் ஊருக்கு உண்டென்றால் அது திருவேற்காட்டுக்குத்தான்.

அறுபத்துமூன்று நாயன்மாரில் சூதாடிப் பேர் வாங்கிய மூர்க்க நாயனார் இந்த ஊர்க்காரர். கருமாரியம்மனைக் கும்பிட வருகிறவர்களில் பலர் வேதபுரீசுவரர் கோயிலை எட்டிப் பார்க்காமலே பஸ் ஏறிவிடுவதால் இந்தச் செய்தி பரவலாகத் தெரிவதில்லை. கதையை எழுதி வைத்தவரும் அக்கம்பக்கத்து ஆள்தான், குன்றத்தூர்ச் சேக்கிழார். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தைக் கரைத்த வேளாளர், கை காய்ந்ததும் முன்பு கற்றிருந்த சூதைக் கையிலெடுத்தார். உள்ளூரில் அவரோடு உட்கார ஆள் கிடைக்காமல் போனபோது ஊர் ஊராகச் சென்று குடந்தை வரை போனார். முதல் ஆட்டத்தைத் தோற்று, பின்னால் வருவதையெல்லாம் வெல்வது அவர் வழக்கம். இன்றைய விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்ததாக நினைக்கும் உத்தி அது. தோற்றவன் பணம் தர மறுத்தால் உடைவாளை உருவுவார், மூர்க்கர் என்ற பெயர் அதனால் வந்தது. நற்சூதர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. வென்ற பொருளைத் தம் கையால் தொடாமல் சமைப்பவர்களிடம் சேர்ப்பித்து, அடியார்கள் சாப்பிட்ட பிறகு கடைசிப் பந்தியில் உட்காருவார். இந்த ஆட்டத்தில் எதிராளி கண்ணுக்கு நேரே இருக்கிறான். இருவரில் எவரும் தோற்கலாம். ஜெயித்த காசு யாரோ ஒருவரின் இலையில் சோறாக விழுகிறது. அட்டைச் சந்தையை இந்த அளவுகோலில் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

ஹாமில்டன் அட்டை, டாப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2020இல் கொண்டுவந்த ஃபார்முலா 1 குரோம் வரிசையைச் சேர்ந்தது. பேஸ்பால் அட்டையில் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனம் அது. 2022இல் ஃபனாட்டிக்ஸ் அதை வாங்கிவிட்டது. கார்ப்பந்தயத்துக்கு வந்தவுடன் அவர்களுக்கு ஒரு சங்கடம். பேஸ்பாலில் ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஃபார்முலா 1இல் அந்த ஆண்டு 10 அணிகள், 20 ஓட்டுநர்கள், அவ்வளவுதான். அத்தனை பேரையும் ஒரு பள்ளி வேனில் ஏற்றினால் டிரைவர் பக்கத்து சீட் காலியாகத்தான் இருக்கும். ஆகவே ஓட்டுநர் போதாமல் காருக்கு அட்டை, அணித் தலைவருக்கு அட்டை, ஃபார்முலா 2இல் ஓடுகிற பையன்களுக்கு அட்டை என்று போட்டார்கள். அதற்குப் பிறகும் சரக்கு பற்றவில்லை. எனவே அதே முகத்தை அதே சிரிப்போடு வேறு வேறு நிறப் பளபளப்பில் அடித்தார்கள். தங்க நிறம் 50 பிரதி, ஆரஞ்சு 25, சிவப்பு 5, கடைசியில் ‘சூப்பர்ஃப்ராக்டர்’ என்ற ஒன்றே ஒன்று. 7 கோடிக்குப் போனது அந்த ஒன்று. ஆக, விலை ஹாமில்டனுடைய ஏழு உலகப் பட்டங்களுக்கு மட்டும் என்று சொல்லமுடியாது. அவை எல்லா நிற அட்டையிலும் சமமாகவே இருக்கின்றன. மேலதிக விலை முழுதும், அச்சு எந்திரத்தை ஒன்றோடு நிறுத்தியதற்கு. சிவகாசியில் போய் ஒரே ஒரு காலண்டர் அடித்துக் கொடுங்கள் என்று கேட்டால் நல்ல டாக்டராகப் பார்க்கச் சொல்லுவார்கள். அதே வேலையை நியூயார்க்கில் செய்தால் அதற்கு அரிய பொருள் என்று பெயர்.

இதற்கு நேர் எதிரான பொருளாதாரம் ஒன்று திருவேற்காட்டில் தினமும் நடக்கிறது. புது வண்டி எடுத்தவர்கள் கோயிலுக்கு வந்து, பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கருமாரி படத்தை முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தப் படம் எத்தனை ஆட்டோவில், எத்தனை மண் லாரியில் இருக்கிறது என்று எண்ண முடியாது. இன்னும் ஒரு லட்சம் அடித்தாலும், ஏற்கெனவே ஒட்டியவருக்குத் தம் படத்தின் மதிப்பு குறைந்துவிட்டதே என்ற கவலை வராது. ‘என்னுடையது முதல் பதிப்பு’ என்று எந்த ஆட்டோக்காரரும் சொல்லிக் கேட்டதில்லை. வண்டியோடும் வேகத்தோடும் சம்பந்தப்பட்ட படம்தான் அதுவும், பயன்பாட்டில் ஹாமில்டன் அட்டையைவிட நெருக்கமாகவே. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு ஹாமில்டன் ஒன்றும் செய்யமுடியாது.

‘ஐயா, இது சேகரிப்பு, சூதில்லை’ என்று ஒரு கட்சி உண்டு. பாதி உண்மை. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சேகரிப்பை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தீப்பெட்டிப் படத்தையும் காலி சிகரெட் அட்டையையும் பொறுக்கி, எது அபூர்வமோ அதற்குப் புள்ளி ஏற்றி, கோடு போட்டுக் கல்லெறிந்து வென்ற தலைமுறைகள் இருந்திருக்கின்றன. ஆனால் அங்கே அட்டையை அபூர்வமாக்கியது ஊரின் பழக்கம். ஏழைத் தெருவில் உயர்ந்த ரக சிகரெட் குடிக்க ஆளில்லை, அதனால் அந்த அட்டைக்கு மவுசு. சிகரெட் கம்பெனி உட்கார்ந்து ‘திருவேற்காட்டுக்கு ஐந்து பெட்டி போதும்’ என்று திட்டம் போடவில்லை. டாப்ஸ் விஷயத்தில் அந்தத் திட்டம்தான் சரக்கே. குறிப்பிட்ட ஓர் அட்டையைப் பார்த்து, விலை பேசி, வாங்கி வைத்துக்கொள்கிறவரைச் சேகரிப்பாளர் என்றே ஒப்புக்கொள்கிறேன், அவரிடம் எனக்கு வம்பில்லை. எந்த அட்டை வரும் என்று தெரியாமல் பிரிக்காத பாக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறவர் வாங்குவது அட்டையை அல்ல, உள்ளே சிவப்பு இருக்குமா என்ற படபடப்பை. இதன் முற்றிய வடிவத்துக்கு ‘பிரேக்’ என்று பெயர். ஒருவர் கேமரா முன் உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பார். பலர் முன்கூட்டியே பணம் கட்டி ஆளுக்கோர் அணியை எடுத்திருப்பார்கள். ஃபெராரி எடுத்தவர் அதிகம் கட்டியிருப்பார், கடைசி இடத்தில் ஓடும் அணியை எடுத்தவர் குறைவாகக் கட்டியிருப்பார். அவரவர் அணியின் அட்டை வந்தால் அவரவருக்கு, வராவிட்டால் பிரித்ததைப் பார்த்த புண்ணியம். தமிழ்நாடு 2003இல் லாட்டரிச் சீட்டைத் தடைசெய்தது. அந்தச் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இதில் விழாத சீட்டிலும் அழகான படம் இருக்கிறது என்பதே. குடந்தையில் நாயனார் முதல் ஆட்டத்தையாவது தோற்றார். பாக்கெட் அடித்தவர் எந்த ஆட்டத்தையும் தோற்பதில்லை, ஏனென்றால் அவர் ஆடவே இல்லை.

இரண்டாவது கட்சிக்காரர்கள் இதை முதலீடு என்பார்கள். அவர்களிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. 1952இல் அச்சிட்டு விற்காமல் தேங்கிய பேஸ்பால் அட்டைகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். அதே வரிசையில் மிக்கி மேன்டில் படம் போட்ட ஓர் அட்டை 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. ‘பார்த்தீர்களா, அன்று குப்பை, இன்று கோடி’ என்பது அவர்கள் வாதம். நான் அதே கதையை மறுபக்கம் திருப்பிப் படிக்கிறேன். அந்த அட்டை ஏறியதற்குக் காரணம், யாரும் அதை முதலீடு என்று நினைக்காததுதான். பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் செருகினார்கள், அம்மாக்கள் பெருக்கித் தள்ளினார்கள், மிச்சத்தைக் கடல் குடித்தது. தப்பிப் பிழைத்தது அபூர்வமானது. இதைக் கண்டு ஞானம் பெற்ற அமெரிக்கர்கள் 1980களின் கடைசியில் எல்லாரும் அட்டையைப் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள். கம்பெனிகளும் அடித்துக் குவித்தன. எல்லார் வீட்டுப் பரணிலும் பத்திரமாக இருந்ததால் அந்தக் காலத்து அட்டைகளுக்கு இன்றும் பெரும்பாலும் விலையில்லை. இப்போது கார் அட்டை வாங்குகிறவர்களில் ஒருவராவது அதைச் சைக்கிளில் செருகுகிறாரா? நகைக்கடனுக்குப் போனால் அட்டையை உரசிப் பார்க்க வங்கி மதிப்பீட்டாளருக்குக் கல்லும் கிடையாது.

பத்திரப்படுத்துவதும் இப்போது ஒரு தனித் தொழில். அட்டையை மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் அவர்கள் மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து 10க்கு மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து அனுப்புவார்கள். 9 வாங்கிய அட்டைக்கும் 10 வாங்கிய அட்டைக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். தமிழ்ப் பெற்றோர் இந்தத் துறைக்குள் இன்னும் முழுமூச்சாக இறங்காதது ஆச்சரியம், பிள்ளை வளர்ப்பில் கடைப்பிடிக்கிற கொள்கையை அப்படியே பயன்படுத்தலாம். அட்டைக்கு விரல்ரேகை ஆகாது என்பதால் சிலர் கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள். ஆடி வென்ற பொருளைக் கையால் தொடுவதில்லை என்ற ஒரு விஷயத்தில் மட்டும் நாயனாரோடு இவர்கள் ஒத்துப்போகிறார்கள். ‘டைனஸ்டி’ என்று மேட்டுக்குடி வரிசை ஒன்றும் இருக்கிறது. பெட்டிக்கு ஓர் அட்டைதான், அதில் ஓட்டுநரின் கையெழுத்தும் பந்தய உடையின் ஒரு துண்டும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் தீப்பிடிக்காமல் காப்பதற்குத் தைத்த உடையைக் கத்தரித்துச் சதுரமாக்கினால் அது காப்பது பணப்பையை மட்டும், அதையும் சரியாகக் காக்கிறதா என்பது விற்கும்போதுதான் தெரியும்.

தன் காசில் ஒருவர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டுமே என்றால், செய்துகொள்ளட்டும். அதற்கு மறுப்பே இல்லை. கொஞ்சம் கனமான ஆட்சேபம், அட்டை மோகம் பந்தயத்தை வளர்க்கிறது என்பது. ஃபார்முலா 1 பற்றி நெட்ஃபிளிக்ஸ் 2019இல் தொடங்கிய தொடரால் உலகம் முழுக்க ரசிகர்கள் பெருகினார்கள், அட்டையும் அதன் வாலைப் பிடித்து ஏறியது, உண்மைதான். ஆனால் அந்தப் பணம் போகிற திசையைப் பாருங்கள். திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி தாண்டிப் பெங்களூரு சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் 1990 முதல் அங்கே இருக்கிறது. வெளிவட்டச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் சோழவரம். போர்க்கால விமான ஓடுதளம், பிறகு பல்லாண்டுகள் தென்னாட்டுக் கார், பைக் பந்தயங்களின் தலைநகரம். இரண்டுக்கும் நடுவே குடியிருக்கிற பையனுக்கு மொனாக்கோவின் வளைவுகள் பெயர் பெயராகத் தெரியும். சோழவரம் என்றால் ஏரி மட்டும் தெரியும். அவன் பாக்கெட்டுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பைசா இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டயருக்குக்கூட ஆகாது. சூதில் வென்றதைக் கொண்டு சோறு போட்டவர் ஊரில் நின்று பார்த்தால் இதுதான் உறுத்துகிறது. பந்தி நடக்கிறது, இலை நமக்கு இல்லை.

அட்டையே வேண்டாம் என்பதல்ல என் முடிவு. 1990களில் பள்ளிப் பைகளில் திரிந்த டிரம்ப் கார்டு நல்ல அட்டை. மல்யுத்த வீரர் சீட்டில் ரேங்க், உயரம், எடை, கார் சீட்டில் வேகம், சிசி என்று முதுகெலும்புள்ள தகவல் இருந்தது. எதிரே ஒருவன் உட்கார்ந்திருந்தான், ஜெயித்தால் அவன் சீட்டு உனக்கு. மூலை மழுங்கினால் நிறைய ஆடியிருக்கிறாய் என்று அர்த்தம். அந்த மாதிரியில் நம் வட்டாரத்துக்கு ஒரு வரிசை சிவகாசியில் அடிக்கலாம், எண் போடாமல், கேட்கிற அத்தனை பேருக்கும். அதில் 1953இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பின் நிறுவனர்களில் ஒருவரான இந்து சாந்தோக், அவர் மகன் விக்கி, 2010இல் ஃபார்முலா 1 ஓட்டிய பேரன் கருண் என்று மூன்று தலைமுறைக்கு மூன்று சீட்டு. மாருதி எஞ்சினை வைத்து ஏழைக்கேற்ற பந்தயக் கார் கட்டிய கோவை கரிவரதனுக்கு ஒன்று. பந்தய வீராங்கனை அலிஷா அப்துல்லாவுக்கு ஒன்று. சோழவரத்தில் என்சைன் ஃபார்முலா 1 காரை ஓட்டிய இளவயது விஜய் மல்லையாவுக்கும் ஒன்று போடத்தான் வேண்டும், வேகத்தில் அவரைப் பிடிக்க முடியாது என்று வங்கிகளே சான்று தரும். 24 மணி நேரப் பந்தயங்களில் ஓடுகிற அஜித் குமாரின் சீட்டு வந்தால் மட்டும் ஆட்டம் நின்றுவிடும் அபாயம் உண்டு, வாங்கியவர் கீழே போடமாட்டார்.

முதல் ரேங்க் யாருக்கு என்பதில் விவாதம் வராது, சென்னையில் பிறந்து 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டி இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனுக்கு. சிக்கல் சீட்டின் தகவலில்தான் வரும். அந்த ஆண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் போட்ட 14 கார்களும் பாதுகாப்பு இல்லை என்று பந்தயம் தொடங்குமுன் ஒதுங்கிவிட்டன. மிச்சம் ஓடியவை 6. நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். இதை அமெரிக்கக் கம்பெனி அடித்தால் ‘வரலாற்றுச் சாதனை, 1/1’ என்று தங்க நிறத்தில் போட்டு முடித்துவிடும். நம் சீட்டில் ‘சிறந்த இடம்: 4’ என்று பெரிதாகவும், ‘ஓடிய கார்கள்: 6’ என்று அதற்குக் கீழே கொஞ்சம் சின்னதாகவும் போடலாம். எதிரே உட்கார்ந்திருப்பவன் கேட்டால் மறைக்கக்கூடாது. கேட்கவில்லை என்றால் நாமாக ஆரம்பிக்கவும் வேண்டாம்.