கைபேசியும் வழித்துணையும்

வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அபாயகரமாக ஓட்டும் குற்றம். தமிழ்நாட்டில் முதல் தடவைக்கு அபராதம் 1,000 ரூபாய். மறுபடி சிக்கினால் 10,000. ‘கையில்’ என்று சட்டம் சொன்னதாலோ என்னவோ, விரிஞ்சிபுரத்தை ஒட்டிய சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் செல்போன் ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே குடியேறிவிட்டது. ஹெல்மெட் போட இப்படியாவது ஒரு காரணம் கிடைத்ததே! வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாமல், கைபேசியைப் பயன்படுத்தலாம் என்று 2020இல் மத்திய விதி சலுகை தந்தது. விரிஞ்சிபுரம் கோயில் மார்க்கபந்தீசுவரரோ, தலபுராணப்படி, மிளகு வணிகர் ஒருவருக்கு வழித்துணையாக வந்தவர். நடுவழியில் அந்த வழித்துணைக்கு அழைப்பு ஏதும் வரவில்லை. இ-செலான் அபராதத்தை அதே கைபேசியில் கட்டலாம்; வண்டியை ஓரங்கட்டிவிட்டு.